‘தேங்க் யூ’ என்றவரிடம் ‘இட்ஸ் ஓகே’ வேண்டாம்

நன்றி சொன்னவரிடம் ‘பரவாயில்லை’ என்கிறோம். பஸ்ஸில் நம் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டவரிடமும் அதே ‘பரவாயில்லை’தான். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ‘இட்ஸ் ஓகே’ என்கிறோம். ஆங்கிலக் காதுக்கு அது பெரும்பாலும் ‘சாரி’க்கு உரிய பதில். ‘நான் என்ன தப்புச் செய்தேன், இவர் பொறுத்துக்கொள்ள?’ என்று எதிரில் இருப்பவர் ஒரு கணம் விழிப்பார். ‘நெவர் மைண்ட்’ இன்னும் மோசம். ‘அந்தப் பேச்சை விடுங்கள்’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், ‘நோ ப்ராப்ளம்’ மட்டும் நம் பரவாயில்லையைப் போல இரண்டு வேலையும் பார்க்கும். ஆஸ்திரேலியர்களின் ‘நோ வொர்ரீஸ்’ அதற்குத் தங்கை. ஆனால் வயதானவர்களிடம் கொஞ்சம் கவனம். ‘காபி கொண்டுவந்து வைப்பதில் என்ன ப்ராப்ளம்?’ என்று முணுமுணுப்பவர்கள் அங்கும் உண்டு.

‘மென்ஷன் நாட்’ நம் அலுவலகங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் நாணயம், லண்டனில் செல்லாது. வினைக்குப் பின்னால் ‘நாட்’ போட்டு விலக்குவது ‘ஃபியர் நாட்’ என்னும் பழைய பைபிள் ஆங்கிலத்தின் வழக்கம். இன்றைய வடிவம் ‘டோன்ட் மென்ஷன் இட்’. அதற்கும் தலை நரைத்துவிட்டது என்பது வேறு விஷயம்.

‘வெல்கம்’ என்று மொட்டையாக நிறுத்துவது வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று அழைப்பது மாதிரி. ‘யூ ஆர்’ சேர்த்தால்தான் சொல் முழுமை பெறும். ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்திலேயே, நன்றி சொல்லி விடைபெறும் விருந்தாளியிடம் நாயகி டெஸ்டிமோனா ‘யுவர் ஆனர் இஸ் மோஸ்ட் வெல்கம்’ என்கிறாள். பாருங்கள், யாருக்கு வெல்கம் என்பதை விடாமல் சொல்கிறாள். இன்னொன்று, யாரும் நன்றி சொல்லாதபோது நாமாக ‘யூ ஆர் வெல்கம்’ என்றால் அது குத்தல்.

எல்லா நன்றிக்கும் ‘யூ ஆர் வெல்கம்’ பொருந்தாது. தொலைக்காட்சிப் பேட்டியின் முடிவில் ‘வந்ததற்கு நன்றி’ என்றதும் விருந்தினர் அப்படிப் பதில் சொன்னால், பேட்டி கொடுத்ததே பெரிய உபகாரம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இரு பக்கமும் பயன் இருக்கும் இடத்தில் நன்றியைத் திருப்பிக் கொடுப்பதே முறை: ‘தேங்க் யூ’ என்று, ‘யூ’வில் அழுத்தம் வைத்து. அழுத்தம் ‘தேங்க்’கில் விழுந்தால் எதிரொலியாகிவிடும். விருந்துக்குப் போன வீட்டில் ‘தேங்க்ஸ் ஃபார் ஹேவிங் மீ’.

சின்ன நன்றிக்கு நீளமாகப் பதில் சொல்வதும் தவறுதான். கதவைப் பிடித்துக்கொண்டதற்கு ‘தேங்க்ஸ்’ என்றால் அமெரிக்கர் ‘ஷ்யூர்’ என்பார், அல்லது வெறும் ‘ம்ஹ்ம்’. அது அலட்சியமில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் ஓட்டுநரைப் பார்த்து ‘சியர்ஸ், டிரைவ்!’ (நன்றி, ஓட்டுநரே!) என்பது ஊர் வழக்கம். பதிலுக்கு அவர் லேசாகத் தலையசைத்தால் போதும். வரிசையாக இறங்கும் ஒவ்வொருவருக்கும் ‘யூ ஆர் மோஸ்ட் வெல்கம்’ சொல்லிக்கொண்டிருந்தால் பஸ் எப்போது கிளம்புவது?