மரத்துப்போன கால்களுக்கு ஏற்ற செருப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

நீரிழிவால் உணர்ச்சி குறைந்த கால்களுக்குச் செருப்பு வாங்குவோர், அது மெத்தென்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். உறுத்துகிறது, கடிக்கிறது என்று நமக்குச் சொல்வது வலி. அந்த வலி தெரியாத காலுக்கு, வலி செய்ய வேண்டிய காவலையும் செருப்பே செய்தாக வேண்டும். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் தாமாக அழுகுவதில்லை என்றும், உணர்ச்சி அற்றுப்போனதால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும் கவனிக்கப்படாத காயங்களுமே அவற்றைச் சிதைக்கின்றன என்றும் எடுத்துக்காட்டினார். வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அந்தப் புரிதலோடு பயன்பாட்டில் வளர்ந்த எம்.சி.ஆர். (நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்மையான ரப்பர்) செருப்பு, இன்று நீரிழிவுக் கால்களுக்கும் உதவுகிறது.

முதலில் காலைச் சோதியுங்கள். செருப்பு அணியப்போகிறவரைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு நொடி மட்டும் லேசாகத் தொடுங்கள். ஆறு தொடுதல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், உணர்ச்சி குறைந்துள்ளது என்று கொண்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புண் இருந்தாலோ பாதம் உருமாறியிருந்தாலோ கடைச் செருப்பு வேண்டாம். மருத்துவமனையில் அளவெடுத்துத் தைப்பதே சரி.

மற்றவர்களுக்கு அளவை மாலையில், நிற்கவைத்துத் தாளில் வரைந்தெடுங்கள். பகல் முழுவதும் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும்.

அடிப்பகுதிதான் மிகுந்த கவனத்துக்கு உரியது. மேலே மென்மையான எம்.சி.ஆர். ரப்பரும் கீழே கடினமான அடிப்பாகமும் என இரண்டு அடுக்கு இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் மேலடுக்கு அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். அமுங்கியபடியே கிடந்தால் அது பயனற்றது. கீழடுக்கின் வேலை வேறு. பாலாற்றங்கரையிலும் ஏரிக்கரைகளிலும் மண்டியிருக்கும் சீமைக்கருவேல முள், சாதாரண ஹவாய் செருப்பை எளிதில் துளைத்துவிடும். மரத்த கால் அதை அறியாமலே மைல் கணக்கில் நடக்கும். அதே காரணத்தால் ஆணி அடித்த செருப்பையும் தவிர்த்து, ஒட்டித் தைத்ததையே கேளுங்கள்.

வார் விஷயத்தில் நான் ஒரு முறை பிழை செய்தேன். குதிகால் வார் இல்லாத செருப்பை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். பேருந்து நிலையத்தில் ஒரு கால் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல், சித்திரை வெயிலில் வெகுதூரம் நடந்துவிட்டார். விரலிடுக்கில் செல்லும் வாரும் உகந்ததன்று. பாதத்தின் மேல் அகலமாகப் படியும் வாரும், குதிகாலைப் பின்னால் பிடிக்கும் வாரும், வீக்கத்துக்கு ஏற்பத் தளர்த்திக்கொள்ள வெல்க்ரோவும் வேண்டும்.

தோற்றத்தையும் அற்பமாக எண்ணாதீர்கள். எம்.சி.ஆர். செருப்பைக் கண்டாலே நோய் தெரிந்துவிடும் என்ற கூச்சத்தால் அதை அணியாமல் விட்ட தொழுநோயாளிகள் பலர். எனவே நிறத்தையும் வடிவத்தையும் அணிபவரே தேர்ந்தெடுக்கட்டும்.

புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் அணிவித்துக் கழற்றி, பாதத்தைப் பாருங்கள். சிவப்பு இருபது நிமிடத்தில் மறையாவிட்டாலோ, புறங்கையால் தொடும்போது ஓரிடம் மட்டும் சூடாக இருந்தாலோ, அங்கே செருப்பு அழுத்துகிறது. அதைத் திருத்தாமல் மீண்டும் அணியக் கூடாது. வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் போன்ற இடங்களில் செருப்பை வெளியே விட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால், கோடையில் கல்தரை சூடேறுவதற்கு முன் காலையிலேயே போய்வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை அணியும் முன்பும் செருப்பைத் தட்டி, உள்ளே கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சிறு கல்லையும் கண்டுபிடிக்கும் உணர்ச்சி உங்கள் விரல்களில் இருக்கிறது.