ரவிவர்மா படம் மாதிரி ஒரு போட்டோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டம் தக்கலையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், வளைகாப்பு என்று வருகிறவர்களில் பலர் இப்போது "ரவிவர்மா படம் மாதிரி ஒன்று எடுக்கணும்" என்கிறார்கள். சேலை, நகை, மல்லிகைப்பூ எல்லாம் பையில் தயாராக இருக்கும். மூலப் படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று கேட்டால்தான் போனை எடுத்துத் தேடுவார்கள். படம் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் ஓவியத்தில் நிழலைப் பாருங்கள். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது, தாடைக்குக் கீழே கழுத்து எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று பார்த்தால் விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பழைய ஓவியர்களில் பலர் ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சத்தை நம்பி வரைந்தவர்கள். நாம் பாஸ்போர்ட் போட்டோ பழக்கத்தில் இரண்டு பக்கமும் குடை விளக்கு வைத்துவிடுகிறோம்; முகம் தட்டையாகிவிடும். ஒரு பெரிய சாப்ட்பாக்ஸ் (வெள்ளைத் துணி மூடிய பெட்டி விளக்கு), முகத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில் இருந்தால் போதும். நம் ஊர் ஸ்டுடியோக்கள் சின்னவை, சுவரும் வெள்ளை. விளக்கு ஒன்றுதான் என்றாலும் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து நிழலை நிரப்பிவிடும். நிழல் பக்கம் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுப் பாருங்கள், கன்னம் உருண்டு வரும்.

டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துக் காதணிப் பெண்' ஓவியத்தை எடுக்க நினைப்பவர்கள் உடனே கறுப்புப் பின்னணிக்குப் போகிறார்கள். 2018இல் அந்த ஓவியத்தை ஆராய்ந்தபோது, பின்னால் ஒரு பச்சைத் திரை வரையப்பட்டிருந்தது தெரியவந்தது. காலப்போக்கில் நிறம் மங்கிவிட்டது. நான் கரும்பச்சைத் துணியை முகத்திலிருந்து ஆறேழு அடி தள்ளிக் கட்டுவேன். அந்த இருட்டுக்கு ஓர் ஆழம் கிடைக்கிறது.

அடுத்தது, கையில் விளக்கு ஏந்திய பெண். இதை ரவிவர்மா படம் என்றே சொல்லி வருகிறார்கள். வரைந்தவர் எஸ்.எல். ஹல்தங்கர், அது நீர்வண்ணம், மாடலாக நின்றவர் அவருடைய மகள் கீதா. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. படத்தைப் பகிரும்போது அவர் பெயரைப் போடுவது நம் கடமை. எடுக்கும்போது நடக்கும் தவறு, பிளாஷ். பிளாஷ் அடித்த நொடியில் விளக்கின் வெளிச்சம் செத்துவிடும். அந்த ஓவியத்தின் உயிரே சுடரை மறைக்கும் விரல்களின் இடுக்கில் சிவந்து கசியும் ஒளிதான். ஒரு திரியால் மட்டும் அது வராது. உள்ளங்கைக்குப் பின்னால் சின்ன எல்.இ.டி. பல்பை ஆரஞ்சு ஜெல் (நிறக் கண்ணாடித்தாள்) ஒட்டி மறைத்து வையுங்கள். கேமரா டிரைபாடில் இருக்கட்டும். ஷட்டர் 1/15 அல்லது 1/30 நொடி, ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 800இலிருந்து தொடங்கலாம். மாடல் அசையாமல் மூச்சுப் பிடித்து நிற்க வேண்டும்.

துணி விஷயத்தில் எனக்கே அடி விழுந்திருக்கிறது. ரவிவர்மா 1893இல் வரைந்த 'அதோ அப்பா வருகிறார்' படத்தில் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண் வெள்ளை முண்டும் (இடுப்புத் துணி) நேரியதும் (மேல்துணி) உடுத்தியிருப்பார். சொட்டு நீலம் போட்டு, இஸ்திரி போட்ட புதுத் துணியை உடுத்தி எடுத்தேன். பிளாஷில் துணி நீலம் பாரித்து, மடிப்பே தெரியாமல் வெறும் வெள்ளைத் திட்டாக நின்றது. சலவைப் பொடியில் இருக்கும் பளிச்சிடும் மருந்தும் இதைச் செய்யும். வெளுக்காத கோரா நிறக் கைத்தறி எடுங்கள், வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசி உலர்த்துங்கள், இஸ்திரி வேண்டாம். எக்ஸ்போஷரை முகத்துக்கு அல்ல, துணிக்குப் பார்த்து வையுங்கள்.

உடுத்துவதற்கு பியூட்டீஷியனைவிட விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பாட்டிமார் நல்லது. ரவிவர்மா காலத்தில் இந்த ஊர்களும் திருவிதாங்கூர்தானே. ஒருமுறை மாடலின் பாட்டி, "இங்க நில்லு மக்களே" என்று நேரியதை ஒரே இழுப்பில் தோளில் போட்டார். ஒரு பின்னும் குத்தவில்லை. துணி ஓவியத்தில் இருப்பது போலவே விழுந்தது.

நகைக்கு நமக்கு நாகர்கோவில் வடசேரி இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற கோயில் நகை. அதற்காகப் பரதநாட்டிய செட்டை முழுதாகப் பூட்டிவிடக் கூடாது. ஓவியத்தில் எத்தனை நகை இருக்கிறதோ அத்தனைதான். சிவப்புக் கல்லில் சாப்ட்பாக்ஸ் சதுரமாக வெள்ளையடித்துத் தெரிந்தால், பதக்கத்தின் ஒரு ஓரத்தின் அடியில் சிறு பஞ்சு வைத்துச் சாய்த்தால் போய்விடும்.

லென்ஸ் 85 மி.மீ. பக்கம் இருக்கட்டும், சின்ன அறையில் வைட் லென்ஸ் வைத்து நெருங்கினால் மூக்கும் கையும் பெரிதாகிவிடும். நகப்பூச்சு, வாட்ச் தடம், திருத்திய புருவம் ஆகியவற்றை முந்தின நாளே கவனியுங்கள்.

கடைசியில் எடிட்டிங்கில் எல்லோரும் போடும் மஞ்சள் பில்டர். காலண்டர் அச்சின் நிறமும் பழைய வார்னிஷ் மஞ்சளித்த நிறமும்தான் ரவிவர்மா நிறம் என்று நினைத்துவிடுகிறோம். இங்கிருந்து பஸ் ஏறினால் திருவனந்தபுரம், அங்கே மியூசியம் வளாகத்தில் ராஜா ரவிவர்மா ஆர்ட் கேலரியில் அவருடைய அசல்கள் இருக்கின்றன. தோலில் நிழல் விழும் இடத்தை மட்டும் பத்து நிமிஷம் நின்று பாருங்கள், அப்புறம் வந்து பில்டரைத் தொடுங்கள்.