மாட்டின் வாயைத் திறந்து பார்க்கும்போது ஏமாறும் இடங்கள்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். காசு கொடுத்து வாங்குகிற மாட்டைப் பார்க்காமல் இருக்க முடியுமா? பார்க்கிறோம், ஆனால் கண்ணில் பட்டது என்ன என்று தெரியாமல் பார்க்கிறோம்.

புதிதாக மாடு வாங்குகிறவர் வாயைத் திறந்ததும் முதலில் பதறுவது மேல்தாடையைப் பார்த்துத்தான். முன்பக்கம் ஒரு பல்கூட இருக்காது. கிழமாடு, பல்லெல்லாம் கொட்டிவிட்டது என்று பேரத்தை முறித்துக்கொண்டு போனவரை நானே பார்த்திருக்கிறேன். மாடு, ஆடு, எருமை எதற்குமே மேலே முன்பல் கிடையாது, அந்த இடத்தில் தடித்த ஈறு மெத்தை மாதிரி இருக்கும், நாக்கால் புல்லை வளைத்து இழுத்துக் கீழ்ப்பல்லுக்கும் அந்த மெத்தைக்கும் நடுவே வைத்து வெடுக்கென்று அறுத்துவிடும். கீழ் முன்பற்களைத் தொட்டால் லேசாக ஆடும், அதுவும் இயல்புதான். கெட்டியாக நட்டு வைத்திருந்தால் மேல் ஈறு புண்ணாகிவிடும்.

வயது பார்ப்பதில் நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. கீழே முன்பக்கம் 8 பற்கள். நடு ஜோடி பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்தால் இரண்டு பல் மாடு, ஏறக்குறைய 2 வயது. அப்புறம் நாலு பல், ஆறு பல், கடைசியில் 4 முதல் 5 வயதுக்குள் எட்டும் சேர்ந்து கடைசேர்ந்த மாடு. நாட்டு மாட்டுக்குக் கலப்பினத்தைவிடச் சில மாதம் தாமதமாகவே பல் போடும். இதுவரை சரி, எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிக்கல், நன்றாகத் தேய்ந்துபோன கிழமாட்டின் பல்லும் கட்டையாக, இடைவெளி விட்டு, பார்வைக்குப் பால்பல் மாதிரியே நிற்கும் என்பதில் இருக்கிறது. நான் ஏமாந்தது அங்கேதான். இன்னும் பெரிய பல் போடாத கிடேரி, அதாவது கன்று ஈனாத இளம் பசு என்று தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேச, நானும் தலையை ஆட்டிவிட்டேன். கட்டைவிரலால் உதட்டை விலக்கி ஈறோரம் பார்த்திருக்க வேண்டும்: பால்பல் சின்னதாக வெள்ளையாக விளிம்பு கூர்மையாக இருக்கும், தேய்ந்த பல்லின் மேல்பக்கம் தட்டையாகி மஞ்சளோ பழுப்போ தெரியும், ஈறும் இறங்கியிருக்கும்.

வாய்க்குள் கையை விடும்போது முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி இருக்கிறதே, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே மேலும் கீழுமாக 24 கடைவாய்ப்பற்கள். கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் குறுகலானது என்பதால் மாடு ஒரு நேரத்தில் ஒரு பக்கமாகத்தான் அரைக்கும், அப்படி அரைத்து அரைத்துப் பல்லின் ஓரமெல்லாம் கத்தி மாதிரி ஆகியிருக்கும், விரல் தப்பாது. மருந்து ஊற்றுவதும் அதே இடைவெளி வழியாகத்தான். தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கி, நாக்கையும் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும்.

தாடைக்கடியில் வீக்கம் வந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பற்று போடுகிற பழக்கத்தை விடுங்கள். ஆட்டுக்குத் தாடைக்கடியில் பை மாதிரி தொங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்து, மேய்ந்து வந்த சாயங்காலம் பெரிதாகவும் காலையில் சின்னதாகவும் இருந்தால் நோய் தாடையில் இல்லை. வயிற்றில் புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது அல்லது ஈரலில் தட்டைப்புழு இருக்கிறது, சத்து குறைந்த இரத்தத்திலிருந்து கசியும் நீர் தலையைக் குனிந்து மேயும்போது அங்கே வந்து தேங்குகிறது. கீழ் இமையை விலக்கிப் பாருங்கள், வெளுத்திருக்கும். மாட்டின் தாடையில் கல் மாதிரி, அசைத்தால் அசையாத வீக்கம் என்றால் அது வேறு, கிருமி எலும்புக்குள்ளேயே இறங்கியிருக்கலாம். கட்டி பழுத்திருக்கிறது என்று அதைக் கீறிவிடாதீர்கள், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கொம்பை நகம் மாதிரி நினைத்துக்கொள்வது இன்னொரு தவறு. வெளியே இருப்பது நகம் மாதிரிதான், ஆனால் உள்ளே நெற்றி எலும்பின் நீட்சி இருக்கிறது. கன்று பிறந்த முதல் ஒன்றிரண்டு மாதம் கொம்புக் குருத்து தோலோடு நகரும், கொம்பு வளராமல் இருக்க அதைச் சுடுவதானால் அப்போதே, மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டரை வைத்துச் செய்துவிட வேண்டும். ஆறு மாதத்துக்குமேல் நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறை மெல்ல மெல்லக் கொம்புக்குள்ளும் நீள ஆரம்பிக்கும். பக்கத்துத் தோட்டத்துக் காளை வேலியில் மாட்டிக் கொம்பை அடியோடு முறித்துக்கொண்டபோது மூக்கிலிருந்து இரத்தம் வந்தது, எல்லோரும் மூக்கணாங்கயிறு அறுத்துவிட்டது என்று மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றறை மூக்கோடு சேர்ந்தது, இரத்தம் அந்த வழியாக இறங்கியிருக்கிறது. ஒருவர் அதற்குள் மஞ்சள்தூளும் சாம்பலும் அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். கொம்பு முறிந்த இடத்தில் தெரியும் ஓட்டைக்குள் எதையும் அடைக்கக் கூடாது, உள்ளே சீழ் பிடிக்கும். சுத்தமான துணியை மேலே வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு டாக்டர் வரும்வரை ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டோம்.