சின்ன போனா, பெரிய போனா? இன்ச்சைப் பார்த்துத் தவறும் இடங்கள்

2011-ல் சாம்சங்கின் முதல் கேலக்ஸி நோட் வந்தபோது, அதைக் காதில் வைத்துப் பேசுகிறவரைப் பார்த்தால் ஏதோ பலகையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார் என்றுதான் தோன்றும். 5.3 இன்ச் திரை, உயரம் கிட்டத்தட்ட 147 மில்லிமீட்டர். இதை யார் வாங்கப்போகிறார்கள் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது 2025-ல் வந்த கேலக்ஸி எஸ்25-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சின்னதாக, நல்லதாக ஒரு ஆண்ட்ராய்டு போன் சொல்லுங்கள் என்று கேட்டால் முதலில் வரும் பெயர்களில் அதுவும் ஒன்று. திரை 6.2 இன்ச். உயரம்? அதே 147 மில்லிமீட்டர். அன்றைக்குப் பூதம், இன்றைக்குக் குட்டி.

ஆனால் கையில் எடுத்தால் இரண்டும் ஒன்றல்ல. நோட்டின் அகலம் 83 மில்லிமீட்டர், எஸ்25-ன் அகலம் 70.5. போன் அளவு விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. திரையின் இன்ச்சைப் போனின் அளவு என்று எடுத்துக்கொள்கிறோம்.

இன்ச் என்று விளம்பரத்தில் போடுவது திரையின் மூலைவிட்டம், அவ்வளவுதான். பழைய போன்களின் திரை 16-க்கு 9 என்ற விகிதத்தில் இருந்தது, இப்போது 20-க்கு 9 அல்லது அதற்குப் பக்கத்தில், அதாவது திரை நீண்டு ஒடுங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பழைய 5.5 இன்ச் திரையின் அகலம் 68 மில்லிமீட்டரைத் தாண்டும், புது 6 இன்ச் திரையின் அகலம் 62, 63-தான் வரும். அதோடு திரைக்கு மேலும் கீழும் இருந்த பட்டைகளும் போய்விட்டன. 2020-ல் வந்த ஐபோன் எஸ்இ-க்கு 4.7 இன்ச் திரை, ஐபோன் 13 மினிக்கு 5.4. எண்ணைப் பார்த்தால் எஸ்இ-தான் சின்னது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் எஸ்இ 138.4-க்கு 67.3, மினி 131.5-க்கு 64.2. ஐந்து இன்ச்சுக்குக் கீழே மட்டும் காட்டு என்று ஃபில்டர் போட்டுத் தேடியவர் கண்ணில் மினி பட்டிருக்கவே பட்டிருக்காது, அவர் தேடியது அதைத்தான் என்றாலும்.

அதனால் இன்ச்சை விட்டுவிட்டு இரண்டு எண்களைப் பாருங்கள், அகலமும் எடையும். ஒரு கையால் போனைப் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் எதிர்ப்பக்க ஓரத்தைத் தொட முடிகிறதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அகலம்தான். உயரத்தைச் சமாளிக்கத் திரையைக் கீழே இழுக்கும் வசதி இருக்கிறது (ஐபோனில் 2014-லிருந்தே உண்டு, ஆண்ட்ராய்டிலும் ஒரு கை மோடு என்று கிடைக்கிறது). அகலத்துக்கு அப்படி எளிதான வழி இல்லை. என் கையை வைத்துச் சொன்னால் 68 மில்லிமீட்டர் வரை நிம்மதி, 72 வரை சமாளிக்கலாம், 75-க்கு மேலே போனால் இன்னொரு கை வேண்டும். உங்கள் கைக்கு இது மாறும், கட்டாயம் மாறும்.

மாறுவதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வாங்க நினைக்கும் போனின் உயரம், அகலம் இரண்டையும் பார்த்து, ஒரு கெட்டியான அட்டையில் அந்த அளவுக்கு வரைந்து வெட்டுங்கள். தடிமனுக்கு நாலைந்து அட்டைகளை ஒட்டிக்கொள்ளலாம். அதைப் பிடித்துக்கொண்டு படியேறுங்கள், படுத்துப் பாருங்கள், சுண்டுவிரலைக் கீழே முட்டுக்கொடுத்துக் கட்டைவிரலை மேல் மூலைக்குக் கொண்டுபோங்கள். நான் 71.5-க்கு ஒன்றும் 77.6-க்கு ஒன்றும் வெட்டி வைத்திருந்தேன். வித்தியாசம் ஆறே மில்லிமீட்டர், ஒரு பென்சில் தடிமன்கூட இல்லை, ஆனால் பெரியதில் மூலையைத் தொட ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையிலிருந்து அட்டையை நகர்த்த வேண்டியிருந்தது. போன் நழுவி விழுவதே அந்த நகர்த்தலில்தான். ஒரு விஷயம், கவர் போடுகிறவராக இருந்தால் அட்டையில் மூன்று நான்கு மில்லிமீட்டர் கூட்டி வெட்டுங்கள். கவரில்லாத அளவைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, தடித்த கவருக்குள் போட்டுப் பயன்படுத்துகிறவர்கள் ஏராளம்.

எடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 13 மினி சுமார் 140 கிராம், ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ் 227. கடையில் இரண்டு நிமிடம் தூக்கிப் பார்த்தால் இது தெரியாது. ராத்திரி படுத்துக்கொண்டு அரை மணி நேரம் படித்தால் மணிக்கட்டு சொல்லும்.

மெலிந்ததும் மடிவதும் சின்னது என்று நினைப்பது இன்னொரு தவறு. 2025-ல் வந்த ஐபோன் ஏர் 5.6 மில்லிமீட்டர்தான் தடிமன், ஆனால் அகலம் 74.7. கட்டைவிரலுக்கு அது பெரிய போன்தான். கேலக்ஸி இசட் ஃபிளிப் 6 மடித்தால் சட்டைப்பைக்குள் அழகாக உட்காரும், விரித்தால் 165 மில்லிமீட்டர் உயரம். உங்களுக்கு வேண்டியது பைக்குள் அடங்கும் போனா, கைக்குள் அடங்கும் போனா? இது தெளிவாகாமல் மடிக்கும் போன் வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பைதான் பிரச்சினை என்றால் அது அருமையான தேர்வு.

சரி, பேட்டரி. சின்ன போன் பிடித்தவர்கள் (நானும்) இதில்தான் நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். திரை சின்னது, அதனால் செலவும் குறைவு, எல்லாம் சரிக்குச் சரி ஆகிவிடும் என்று. ஆகாது. ஐபோன் 12-ஐயும் 12 மினியையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டின் தடிமனும் ஒன்று, மினியின் முகப்பு ஐந்தில் ஒரு பங்கு சின்னது, பேட்டரியும் அதே ஐந்தில் ஒரு பங்கு குறைவு, 2815-லிருந்து 2227 mAh-க்கு (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) இறங்கியது. திரையின் செலவும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும், அது உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் சிப் அதே சிப், 5ஜி மோடமும் அதேதான், சிக்னல் பலவீனமான இடத்தில் டவரைத் தேடும்போது போன் சின்னது என்பதற்காக மோடம் குறைவாகச் சாப்பிடாது. குறைந்த பேட்டரியிலிருந்து அதே அளவு போகிறது. நான் முதலில் வாங்கிய சின்ன போன் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் 15 சதவீதத்துக்கு வந்துவிடும், வீட்டில் வைஃபையில் இருக்கும் நாளில் மட்டும் ராத்திரி வரை தாங்கும். வாங்கும்போது இதை யோசித்திருந்தால் கூடவே ஒரு பவர் பேங்க் வாங்கியிருப்பேன்.

ஆனால் "சின்ன போன் என்றாலே சார்ஜ் நிற்காது" என்பதும் பழைய கதையாகிக்கொண்டிருக்கிறது. பேட்டரிக்குள் கிராஃபைட்டோடு சிலிக்கான்-கார்பன் சேர்க்கும் முறை வந்தபிறகு அதே இடத்தில் அதிக மின்சாரத்தை அடைக்க முடிகிறது. 2024 கடைசியில் சீனாவில் வந்த விவோ எக்ஸ்200 ப்ரோ மினிக்கு 6.31 இன்ச் திரையில் 5700 mAh, 2025-ல் அங்கே வந்த ஒன்பிளஸ் 13டி-க்கு 6.32 இன்ச்சில் 6260. இவை 12 மினி மாதிரிக் குட்டி இல்லை, அகலம் 71, 72-க்குப் பக்கத்தில் நிற்பவை. இருந்தாலும் ஒரு கையால் சமாளிக்கக்கூடிய போன் ஒரு நாள் முழுக்க ஓடாது என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி, உங்களிடம் வேறு என்ன திரை இருக்கிறது? லேப்டாப்போ டேப்லெட்டோ கையெட்டும் தூரத்தில் இருப்பவருக்குச் சின்ன போன் சுகம். போன்தான் டிவி, போன்தான் புத்தகம், போன்தான் அலுவலகம் என்று இருப்பவருக்கு அதே போன் தண்டனை. பெரிய போன் வாங்குகிறவர்களைப் பகட்டுக்காரர்கள் என்று சிலர் பேசுவது எனக்குப் பிடிக்காது. அவர்களில் பலருக்கு வேறு கம்ப்யூட்டரே கிடையாது.

தமிழில் படிக்கிறவர்களும் எழுதுகிறவர்களும் இதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும், போன் பற்றிய ஆங்கில விமர்சனங்களில் இது வராது. நம் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளம். "கேட்டுக்கொண்டிருந்தார்களாம்" என்ற ஒரே சொல் சின்னத் திரையில் ஒரு வரியில் முக்கால்வாசியைத் தின்றுவிடும். அப்புறம் கீபோர்டு. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் 31 விசைகள், ஆங்கிலத்துக்கு 26 போதும். அதே அகலத்தில் அதிக விசைகளை அடைத்தால் ஒவ்வொன்றும் ஒடுங்கும், ண-வைத் தொடப்போய் ட விழும். நிறைய எழுதுகிறவர் என்றால் கடையிலேயே தமிழ் கீபோர்டைத் திறந்து நான்கு வரி அடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வயதானவர்களுக்குச் சின்ன போன் போதும் என்று முடிவு செய்வதும் தவறு, அதை நான் செய்திருக்கிறேன். என் பழைய சின்ன போனை அம்மாவுக்குக் கொடுத்தேன். கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை என்று எழுத்தளவைக் கடைசி வரை கூட்டி வைத்தேன். பெரியம்மா அனுப்பிய செய்தியைத் திறந்தால் வரிக்கு இரண்டு சொல், சில இடத்தில் ஒரே சொல்லை உடைத்து இரண்டு வரியாகக் காட்டியது. அம்மா விரலால் தள்ளித் தள்ளிப் படித்துவிட்டு, பாதியில் "நீயே படிச்சுச் சொல்லுப்பா" என்று போனை நீட்டினார். அவர் எப்போதும் இரண்டு கையாலும் பிடித்து, மடியில் வைத்துத்தான் போன் பார்க்கிறார், ஒரு கைக்கு அடங்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. இப்போது 6.7 இன்ச் போன் வைத்திருக்கிறார், தானே படிக்கிறார்.

இனி விற்பனை பற்றிய பேச்சு. "சின்ன போன் யாருக்கும் வேண்டாம், மினி தோற்றதே சாட்சி" என்று ஒரு பக்கம். "எல்லாருக்கும் சின்ன போன்தான் வேண்டும், கம்பெனிகள் தர மறுக்கின்றன" என்று இன்னொரு பக்கம். இரண்டையும் அப்படியே நம்பாதீர்கள்.

மினி அதிகம் விற்கவில்லை என்பது நிஜம். அமெரிக்க விற்பனையைக் கவனிக்கும் ஆய்வு நிறுவனங்கள் அப்போதைய ஐபோன் விற்பனையில் 12 மினியின் பங்கை 5, 6 சதவீதம் என்றுதான் மதிப்பிட்டன. ஆனால் அது வந்தது 2020 நவம்பரில், பெருந்தொற்றுக் காலம், வீட்டிலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அதற்கு ஏழு மாதம் முன்புதான் அதே கம்பெனியின் விலை குறைந்த எஸ்இ வந்து, சின்ன போனுக்காகக் காத்திருந்தவர்களில் ஒரு பகுதியை இழுத்துக்கொண்டது. பிறகு 2022-ல் மினியின் இடத்தில் 6.7 இன்ச் 14 பிளஸ் வந்தது. பெரியதுதான் வேண்டும் என்றால் அது பறந்திருக்க வேண்டுமே? அதுவும் எதிர்பார்த்தபடி போகவில்லை என்றுதான் செய்திகள் வந்தன, 2025-ல் பிளஸும் போய் அந்த இடத்தில் ஏர் வந்தது. ஐபோன் வரிசையில் நான்காவது மாடலாக எதை வைத்தாலும் தடுமாறும் ஓர் இடம் அது, அந்தப் பழியை முழுக்க அளவின் மேல் போடுவது நியாயமில்லை.

அடுத்த பக்கத்துக்கு வருவோம். பெபிள் ஸ்மார்ட்வாட்ச்சை உருவாக்கிய எரிக் மிகிகோவ்ஸ்கி 2022-ல் சின்ன ஆண்ட்ராய்டு போனுக்காகக் கையெழுத்து திரட்டத் தொடங்கினார், இலக்கு 50,000. உலகில் ஒரு வருடத்தில் கடைக்குப் போகும் ஸ்மார்ட்போன்கள் 120 கோடிக்குப் பக்கத்தில். அளவு ஒன்றுக்காகத் தனி மாடல் போடுவதென்றால் தனி அச்சு, தனி ஆன்டெனா வடிவமைப்பு, தனிச் சோதனைகள், யாரும் அதிகம் கேட்காத அளவில் தனியாகத் திரை செய்யச் சொல்ல வேண்டும். சோனி எக்ஸ்பீரியா காம்பாக்ட் என்று சில வருடம் முயன்று பார்த்தது. ஆசுஸ் ஸென்ஃபோன் 8, 9, 10 என்று மூன்று வருடம் 5.9 இன்ச்சில் நின்றுவிட்டு 2024-ல் 6.78 இன்ச்சுக்குத் தாவியது. வேண்டும் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பெரிய திரை, பெரிய பேட்டரி, கூடுதல் கேமரா எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. கையில் உறுத்தாமல் இருக்கும் சுகம் வாங்கி ஒரு மாதம் ஆனபிறகுதான் தெரிகிறது.

நம் பக்கத்திலும் ஒரு பிசகு இருக்கிறது. சின்ன போன் விரும்பிகள் ஒரு போனை நான்கைந்து வருடம் வைத்திருப்போம், புதிது வந்தால் விலை குறையட்டும் என்று காத்திருப்போம், அடுத்தது இன்னும் சின்னதாக வரும் என்று ஒன்றைத் தள்ளிவிடுவோம். கம்பெனி எண்ணிப் பார்ப்பது முதல் சில மாதங்களை. அந்த மாதங்களில் நாம் கணக்கிலேயே இல்லை. பிடித்த அளவில் ஒன்று இப்போது கிடைக்கிறது, மற்றதும் சரியாக இருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். எஸ்இ-யின் அடுத்த பதிப்புக்காகக் காத்திருந்தவர்களுக்கு 2025 பிப்ரவரியில் வந்தது 6.1 இன்ச் 16இ.

காத்திருந்து சலித்து, பழைய மினியையோ காம்பாக்ட்டையோ செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்களும் உண்டு. அதில் தவறில்லை, ஆனால் பணம் கொடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள். பேட்டரி ஆரோக்கியம் எத்தனை சதவீதம், அந்த மாடலுக்குத் தரமான புது பேட்டரி இன்னும் கிடைக்கிறதா, பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா. முதலாவது குறைவாக இருந்தாலும் இரண்டாவது சரியென்றால் மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது இல்லை என்றால், பேங்க் ஆப் வைக்கும் போனாக அதை வாங்காதீர்கள்.