புதிய புகைப்பட மென்பொருளுக்கு மாறலாமா? மற்றவர்கள் சொல்வதைப் படித்து முடிவெடுப்பது எப்படி

கணினியில் படங்களை ஒழுங்குபடுத்தப் புதிதாக ஒரு மென்பொருள் வந்துவிட்டால், முதல் வாரத்திலேயே கருத்துகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். “பறக்குது, இனி இதுதான்” என்பார்கள் சிலர். “இருந்ததையும் கெடுத்துட்டாங்க” என்பார்கள் வேறு சிலர். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் முன்னவர் பெரும்பாலும் போனிலிருந்து இறக்கிய சில நூறு படங்களோடு வந்திருப்பார். பின்னவர் பல வருடங்களாகப் பெயரும் தேதியும் குறித்துவைத்த பெரிய தொகுப்போடு வந்திருப்பார். இவர்களில் நீங்கள் யாருக்கு நெருக்கம் என்பது தெரியாமல் எத்தனை கருத்துகளைப் படித்தாலும் குழப்பம்தான் மிஞ்சும்.

நான் இரண்டாவது வகை. எங்கள் குடும்பத்துப் படங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. பழைய அச்சுப்படங்களின் பின்பக்கம் அப்பா பென்சிலில் எழுதிவைத்த பெயர்களை, ஸ்கேன் செய்த ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பாகத் தட்டச்சு செய்து சேர்த்திருக்கிறேன். படம் போனால் பேக்கப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெயர்கள் போனால் மறுபடி கேட்டு எழுத ஆளில்லை. அதனால் புது மென்பொருளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் தேடுவது ஒன்றைத்தான்: மாறியவர் படங்களின் மேல் செய்துவைத்திருந்த உழைப்பு அவரோடு கூடவே வந்ததா?

2015 நல்ல பாடம்

2015 ஏப்ரலில் ஆப்பிள் மேக் கணினிகளுக்கு ‘போட்டோஸ்’ மென்பொருளை வெளியிட்டது. 2002இலிருந்து இருந்த ஐபோட்டோ, 2005இலிருந்து இருந்த அப்பர்ச்சர் இரண்டின் இடத்திலும் இது ஒன்றே வந்தது. அப்போது எழுந்த கூச்சலை இன்றைக்குப் பிரித்துப் பார்த்தால், எந்தக் கருத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது விளங்கும்.

“பக்கவாட்டுப் பட்டியலைக் காணோம், எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை” என்று பலர் கோபப்பட்டார்கள். அது ஒளிக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். ‘வியூ’ மெனுவில் ஒரு தேர்வைச் சொடுக்கினால் வந்துவிடும். தோற்றம், பொத்தான் இருக்கும் இடம், நிறம் பற்றிய புகார்கள் எல்லாமே பெரும்பாலும் இப்படித்தான். கை பழகியதும் அடங்கிவிடும்.

“படம் எடுத்த இடத்தை வரைபடத்தில் குறிக்க முடியவில்லை” என்பது அடுத்தது. இது உண்மையிலேயே முதல் பதிப்பில் இல்லை. சில மாதங்களில் மேக்கின் அடுத்த இயங்குதளமான எல் கேபிடன் வந்தபோது அந்த வசதியும் வந்துவிட்டது. இப்படி ஒரு வசதி விடுபட்டிருந்தால் காத்திருக்கலாம். அந்தக் காலம்வரை பழைய மென்பொருளிலேயே இருந்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. ஐபோட்டோவில் படங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்து வைத்திருந்தவர்கள், மாறிய பிறகு நட்சத்திரங்களைக் காணாமல் தவித்தார்கள். அவை அழியவில்லை, கீவேர்டுகளாக (படத்தோடு சேர்க்கும் தேடுசொற்களாக) மாற்றப்பட்டிருந்தன. தேடி எடுக்கலாம். ஆனால் நட்சத்திரம் கொடுக்கும் முறையே புதியதில் இல்லை, ‘பிடித்தது’ என்று ஓர் இதயக்குறி மட்டும்தான். நட்சத்திரங்கள் பின்னர் திரும்பி வரவுமில்லை. நட்சத்திரத்தை வைத்தே தெரிவு செய்து பழகியவருக்கு இது ரசனை சார்ந்த குறை அல்ல, வேலைமுறையே உடைந்துபோன விஷயம்.

இன்னொரு பெரிய கூச்சலும் இருந்தது: “என் வட்டில் இடம் இரட்டிப்பாகத் தின்றுவிட்டது.” பழைய லைப்ரரியும் புதியதும் அருகருகே ஒரே அளவைக் காட்டியதால் வந்த பயம் அது. நிஜத்தில் ஒரே ஃபைலுக்கு இரண்டு இடங்களிலிருந்து இணைப்புக் கொடுத்திருந்தார்கள். படங்கள் வட்டில் ஒரு முறைதான் இருந்தன. சத்தமாகச் சொல்லப்படும் எல்லாமே சரியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு கருத்தை எப்படிப் படிப்பது

நட்சத்திர மதிப்பீட்டின் சராசரியைப் பார்க்காதீர்கள். எழுதியவர் எந்த மென்பொருளிலிருந்து வந்தார், சுமார் எத்தனை படங்கள், படங்கள் கணினியிலா வெளி ஹார்ட் டிஸ்க்கிலா, எந்தப் பதிப்பு எண் என்று பாருங்கள். இந்த விவரங்கள் இருக்கும் ஒரே ஒரு பத்தி, “சூப்பர்” என்ற நூறு வரிகளைவிட உதவும்.

முதல் வாரத்து வேகப் புகார்களைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். “விசிறி ஓயாமல் சுத்துது, கணினி சூடாகுது” என்பது பெரும்பாலும் மென்பொருள் முகங்களை அடையாளம் காண்பதாலும், சிறுபடங்களை உருவாக்குவதாலும் வருவது. பெரிய தொகுப்பு என்றால் இது பல நாள் ஓடும். அது முடிந்த பிறகும் மெதுவாகவே இருக்கிறது என்று ஒருவர் எழுதினால் அதை நம்பலாம். அதேபோல முதல் நாள் பாராட்டும் அரைகுறைதான். மூன்று நான்கு மாதம் கழித்து எழுதப்பட்டவற்றைத் தேடிப் படியுங்கள். அப்போதுதான் பேக்கப்பிலிருந்து மீட்டவர், புதுக் கணினிக்கு மாற்றியவர், வெளியேற நினைத்தவர் எல்லாரும் பேசத் தொடங்கியிருப்பார்கள்.

சில சொற்கள் கண்ணில் பட்டால் நான் அங்கேயே நின்று நிதானமாகப் படிப்பேன். “படங்கள் இரண்டிரண்டாக வந்துவிட்டன” என்றால், ராவும் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படம்) ஜேபெக்கும் சேர்த்து எடுத்த படங்களையோ, ஐபோனின் லைவ் படங்களையோ அந்த மென்பொருள் பிரித்துவிடுகிறது என்று பொருள். லைவ் படம் என்பது ஒரு படமும் ஒரு சிறு வீடியோவும் சேர்ந்த ஜோடி. ஜோடி பிரிந்தால் பிறகு சேர்ப்பது பெரும்பாடு. “தேதியெல்லாம் இன்றைக்கு மாறிவிட்டது” என்றால், படத்துக்குள் கேமரா எழுதிவைக்கும் எக்சிஃப் விவரங்களில் உள்ள தேதியை விட்டுவிட்டு ஃபைலின் தேதியைப் படிக்கிறது என்று பொருள். நேரம் மட்டும் சில மணி நகர்ந்திருந்தால் நேர மண்டலச் சிக்கல். எக்சிஃப் தரநிலையில் நேர மண்டலத்தைக் குறிக்க 2016இல்தான் இடம் வந்தது, அதற்கு முந்தைய படங்களில் அந்தத் தகவல் பெரும்பாலும் இருக்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, “வெளியே எடுத்தபோது தலைப்புகள் வரவில்லை” என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். ஒரே ஒருவர் எழுதியிருந்தாலும் போதும், அதை நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும்.

உழைப்பு எங்கே சேமிக்கப்படுகிறது

நீங்கள் கொடுக்கும் தலைப்பும் பெயரும் இரண்டு இடங்களில் ஒன்றில் போய் உட்காரும். படத்தின் ஃபைலுக்குள்ளேயே (அல்லது அதனருகில் எக்ஸ்எம்பி என்ற துணை ஃபைலில்) எழுதப்படலாம், இல்லையேல் மென்பொருளின் சொந்தத் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கலாம். முதல் வகை, நீங்கள் எங்கே போனாலும் கூட வரும். இரண்டாம் வகை, அந்த மென்பொருள் இருக்கும்வரைதான்.

கூகுளின் பழைய புகைப்பட மென்பொருளான பிகாசாவை நினைத்துப் பாருங்கள். அதில் செய்த வெட்டல், நிறத் திருத்தம் எல்லாம், ‘சேவ்’ கொடுக்காதவரை ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைந்திருக்கும் ஒரு சிறு ஐஎன்ஐ ஃபைலில்தான் இருந்தன. 2016 மார்ச்சில் கூகுள் அதை நிறுத்தியது. வேறு மென்பொருளில் அந்த ஃபோல்டரைத் திறந்தவர்களுக்குத் திருத்தாத மூலப் படங்களே தெரிந்தன. நிறுத்தியதைவிட அதுதான் பலரை உலுக்கியது.

எனவே மென்பொருளின் அமைப்புகளில் ‘மெட்டாடேட்டாவை (தலைப்பு, கீவேர்டு போன்ற விவரங்களை) ஃபைலில் எழுது’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். டிஜிகேமில் இருக்கிறது, லைட்ரூம் கிளாசிக்கிலும் இருக்கிறது. பல மென்பொருள்களில் இது தானாக இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும். இயக்கினாலும் ஆல்பங்கள் பொதுவாக இதில் அடங்காது. லைட்ரூமின் கலெக்‌ஷன்கள் கேட்டலாக் என்ற அதன் தரவுத்தளத்தில்தான் இருக்கும். என் பழக்கம், முக்கியமான ஆல்பத்தின் பெயரையே கீவேர்டாகவும் அதிலுள்ள படங்களுக்குச் சேர்த்துவிடுவது. ஆல்பம் வராவிட்டாலும் கீவேர்டு வழியாகப் படங்களைத் திரட்டிவிடலாம்.

சோதனை ஃபோல்டர்

மற்றவர்கள் சொன்னதைப் படித்தாயிற்று. இனி உங்கள் படங்களிலேயே பார்க்க வேண்டும். முழுத் தொகுப்பையும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். தொல்லை கொடுக்கக்கூடிய படங்களாகப் பொறுக்கி எடுத்து, அவற்றின் நகல்களை ஒரு ஃபோல்டரில் போடுங்கள். என்னிடம் நிரந்தரமாக ஒரு ஃபோல்டர் இருக்கிறது. எந்த மென்பொருள் வந்தாலும் முதலில் அதைத்தான் கொடுப்பேன்.

அதில் போனை நிமிர்த்தி எடுத்த படம் ஒன்று இருக்கிறது, சாய்ந்து விழுகிறதா என்று பார்க்க. ராவும் ஜேபெக்குமாக ஒரு ஜோடி, ஒரு லைவ் படம், ஐபோன்கள் சேமிக்கும் ஹெச்இஐசி வகைப் படம் ஒன்று, பழைய கேமராவின் ஒரு ஏவிஐ வீடியோ. மெசேஜ் செயலி வழியாக வந்த ஒரு படம், ஏனென்றால் அப்படி வருபவற்றில் எக்சிஃப் விவரங்கள் பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும். ஒரே படத்தின் இரண்டு பிரதிகள், பெயரை மட்டும் மாற்றி. பிறகு 1962 என்று தேதி கொடுத்த ஒரு ஸ்கேன். கணினிகள் பல, நேரத்தை 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணுவதால், அதற்கு முந்தைய தேதிகளில் சில நிரல்கள் தடுமாறும். குடும்பத்தின் பழைய படங்களை வைத்திருப்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

கடைசியாக, தமிழில் தலைப்பு எழுதிய படம். நான் சோதித்த ஒரு மென்பொருள் ஆங்கிலத் தலைப்புகளை ஒழுங்காகக் கொண்டுவந்துவிட்டு, தமிழ்த் தலைப்பு இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகளை நிரப்பியது. படத்துக்குள் விவரம் எழுதும் பழைய ஐபிடிசி முறையில் எழுதப்பட்ட தலைப்பில், எழுத்துகள் எல்லா மொழிகளுக்குமான யுடிஎஃப்-8 குறியீட்டில் இருக்கின்றன என்று குறிப்பிடப்படாவிட்டால் இப்படி நடக்கும். சரியாகத் தெரிந்தாலும் அதோடு விடாதீர்கள், தேடலிலும் போட்டுப் பாருங்கள். ‘தோட்டம்’ என்ற சொல்லில் உள்ள ‘தோ’வை, ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பாகவும் காலாகவும் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடு சொல்கிறது, ஆனால் மென்பொருள் அதை மதிக்காவிட்டால் கண்முன்னே இருக்கும் படம் தேடலில் வராது. வேற்று மொழிக்காரர்கள் எழுதும் கருத்துகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஃபோல்டரை உள்ளே சேர்த்து, சில படங்களுக்குப் புதுத் தலைப்பும் கீவேர்டும் கொடுத்து, ஒன்றை வெட்டித் திருத்தி, எல்லாவற்றையும் வெறும் ஃபோல்டருக்கு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பிறகு வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். பில் ஹார்வி எழுதிய எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு படத்துக்குள்ளும் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று வரி வரியாகத் தெரியும். நுழைவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். வெளியேறும் வழி நன்றாக இருந்தால் மட்டுமே நான் நுழைவேன்.

மாறும்போது

இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் பேக்கப் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஒத்திசைவு வசதியை, அதாவது மேகச் சேமிப்பை, முதல் சில வாரங்களுக்கு அணைத்தே வையுங்கள். ஒரு கணினியில் அழிந்தது எல்லாக் கருவிகளிலும் அழியும் என்பதால்.

படங்களை மென்பொருள் தன் லைப்ரரிக்குள் நகலெடுக்குமா, இருக்கும் இடத்திலேயே வைத்துக் காட்டுமா என்ற கேள்வி முதலில் வரும். சட்டென்று ‘சரி’ கொடுக்காதீர்கள். உங்களுக்கென்று வருடவாரியாக ஃபோல்டர் ஒழுங்கு இருந்தால் இருக்கும் இடத்திலேயே விடுங்கள். இல்லையென்றால் லைப்ரரிக்குள் போவதே பாதுகாப்பு, யாராவது ஃபோல்டரை நகர்த்தி இணைப்பு அறுந்துபோகும் வாய்ப்பு இருக்காது.

ஒரு வருடத்துப் படங்களை மட்டும் முதலில் மாற்றி, பழையதிலும் புதியதிலும் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் வீடியோக்களோ ஜோடிப் படங்களோ காரணமாக இருக்கும். அது என்னவென்று தெரிந்த பிறகுதான் அடுத்த வருடம். பழைய மென்பொருளை நீக்காதீர்கள். கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் முன்பும் யோசியுங்கள். 2019இல் மேக் கேட்டலினா வந்ததும் அதில் அப்பர்ச்சர் ஓடவில்லை.

பயன்படுத்திப் பார்த்த பிறகு நீங்களும் உங்கள் கருத்தை எழுதுங்கள். எங்கிருந்து வந்தீர்கள், எவ்வளவு படங்கள், எந்தப் பதிப்பு, எது வந்தது, எது வரவில்லை என்று இருந்தால் போதும். தமிழ்த் தலைப்பும் தமிழ்த் தேடலும் எப்படி இருந்தன என்று ஒரு வரி கட்டாயம் சேர்த்துவிடுங்கள். உருவாக்கியவர்களுக்கு அது தெரிய வேறு வழியில்லை. அடுத்த பதிப்பில் அது சரியானால், உங்கள் பழைய கருத்தைத் திருத்தி அந்தப் பதிப்பு எண்ணையும் குறித்துவிடுங்கள்.