பாராதைராய்டு: மருந்து இருந்தும் பி.டி.ஹெச். இறங்காதது ஏன்?

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பி.டி.ஹெச். பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள். கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு என்ற குட்டிச் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோன்தான் இந்த பி.டி.ஹெச். ரிப்போர்ட்டில் 65-க்கு மேல் போனாலே அதிகம் என்று தடித்த எழுத்தில் அச்சாகி வரும். 400 என்று பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் கலக்கம். அந்த 65 சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கான அளவு. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதைப்போல 2 முதல் 9 மடங்கு, அதாவது ஏறக்குறைய 130 முதல் 600 வரை இருக்கலாம் என்பது உலகளவில் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். 65-க்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று மருந்தை ஏற்றினால் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதே நின்றுபோகும். ஒரு தடவை வந்த எண்ணை விட, அது தொடர்ந்து ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

என்னைக் கேட்டால், பெரிய தவறு பாஸ்பரஸை விட்டுவிட்டு பி.டி.ஹெச்.சைத் துரத்துவது. சிறுநீரகம் பழுதானதும் பாஸ்பரஸ் தேங்குகிறது, வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறுவதில்லை, கால்சியம் குறைகிறது. இவைதான் அந்தக் குட்டிச் சுரப்பிகளை ஓயாமல் தூண்டுகின்றன. பாஸ்பரஸ் குறையாமல் மற்ற மருந்து எதுவும் முழுசாக எடுபடாது.

அதற்குத் தரப்படும் செவலமர், கால்சியம் அசிடேட் போன்றவை சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுபவை. காலையில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து வெறும் வயிற்றில் விழுங்கினால் பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது. கால்சியம் மாத்திரை என்றால் இன்னும் மோசம்: அந்தக் கால்சியம் ரத்தத்தில் ஏறி, ரத்தக் குழாய்களில் படிய வழி செய்யும். சாப்பாட்டோடுதான் போட வேண்டும். லாந்தனம் மாத்திரை என்றால் நன்றாக மென்று விழுங்க வேண்டும்.

பத்தியத்திலும் ஒரு குழப்பம் உண்டு. பருப்பை அறவே நிறுத்திவிட்டு, பிஸ்கட்டும் கோலாவும் பாக்கெட் இறைச்சியும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பருப்பில் இருக்கும் பாஸ்பரஸில் பாதியளவுதான் உடலில் சேரும். பதப்படுத்திய உணவில் சேர்க்கும் பாஸ்பேட் உப்பு கிட்டத்தட்ட முழுசாகச் சேர்ந்துவிடும். டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் வேறு தேவை. ஆகவே முதலில் கைவைக்க வேண்டியது பாக்கெட் உணவில்தான். அப்புறம், வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் என்று சொல்லியிருக்க, செலவையோ தூரத்தையோ நினைத்து ஒன்றை விட்டுவிட்டால் பாஸ்பரஸ் ஏறத்தான் செய்யும்.

கால்சிட்ரியால் போன்ற வைட்டமின் டி மருந்து பி.டி.ஹெச்.சைக் குறைக்கும். கூடவே கால்சியத்தையும் பாஸ்பரஸையும் குடலிலிருந்து இழுத்துக்கொள்ளும். அந்த இரண்டும் ஏற்கெனவே அதிகமாக இருக்கும்போது பழைய சீட்டைக் காட்டி வாங்கிப் போடுவது ஆபத்து. கடையில் வாரம் ஒன்று என்று கொடுக்கும் சாதாரண வைட்டமின் டி வேறு, இது வேறு.

பி.டி.ஹெச்.சைக் குறைக்கும் இன்னொரு மாத்திரை சினகால்செட். கால்சியம் விஷயத்தில் இது நேர் எதிர், அதை இறக்கும். அதனால் கால்சியம் 8.4-க்குக் கீழே இருந்தால் ஆரம்பிக்கக் கூடாது. வாயைச் சுற்றி மரத்துப்போவது, விரல்கள் இழுத்துக்கொள்வது, படபடப்பு போன்றவை வந்தால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். குமட்டல் பலருக்கும் வரும். அதற்காகச் சொல்லாமல் நிறுத்திவிட்டு, 'மருந்து வேலை செய்யவில்லை' என்பது சரியல்ல. சாப்பாட்டோடு, உடைக்காமல் முழுசாகப் போட வேண்டும். அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், டயாலிசிஸ் முடியும்போது ஊசியாகப் போடும் எடெல்கால்செடைட் இருக்கிறது. பி.டி.ஹெச். ரத்தப் பரிசோதனையை சினகால்செட் போட்டு 12 மணி நேரமாவது கழித்து எடுங்கள். போட்ட கையோடு எடுத்தால் எண் பொய்யாகக் குறைந்து தெரியும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தும் பி.டி.ஹெச். 800-க்கு மேலேயே நின்று, கால்சியமும் தானாக ஏறியிருந்தால், சுரப்பி கட்டியாக வளர்ந்து மருந்துக்குக் கட்டுப்படாத நிலைக்குப் போயிருக்கலாம். அப்போதும் கத்திக்குப் பயந்து மாத்திரையிலேயே வருஷங்களை ஓட்டினால் எலும்பு முறிவும் ரத்தக் குழாய்ப் படிவும்தான் கூடும். அந்தக் கட்டத்தில் சிறுநீரக மருத்துவரோடு அறுவை சிகிச்சை நிபுணரையும் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.