கடல் அமீபாவை வீட்டுலயே வளத்து, எது எதுன்னு பிரிக்கிறது எப்படி

மதுரையில கடல் இல்லதான், ஆனா மாட்டுத்தாவணியில விடியக்காலை ராமேஸ்வரம் பஸ் ஏறுனா மண்டபத்துல சாம்பிள் எடுத்துட்டு சாயங்காலம் வீடு வந்துரலாம்.

கரையோரம் முழங்கால் தண்ணியில மேல்மண்ணை மட்டும் ஒரு ஸ்பூன் சுரண்டி, கொஞ்சம் பாசியோட பாட்டில்ல பாதி வரைக்கும் எடுங்க, மீதி காத்துக்கு. மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவும் தேசியப் பூங்கா, அங்க எதையும் எடுக்கக்கூடாது. தனியா ஒரு பாட்டில் கடல்தண்ணியும் பிடிச்சுக்கோங்க. வர்ற வழியில ஈரத்துணி சுத்தி வைங்க.

வீட்டுல, பெட்ரி டிஷ்ல (மூடி போட்ட சின்ன வட்டத் தட்டு) ரெண்டு கவர்ஸ்லிப் (மெல்லிசான கண்ணாடித் துண்டு) போட்டு, வடிகட்டுன கடல்தண்ணி, கொஞ்சம் சாம்பிள், ஒரே ஒரு அரிசி. அரிசியில பாக்டீரியா வளரும், அதைத் தின்னு அமீபா பெருகும். தண்ணி மட்டத்துல மார்க்கர்ல கோடு போடுங்க, ஏன்னா நம்ம ஊரு வெயிலுக்கு தண்ணி வத்தி உப்பு ஏறிரும், அப்ப பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்தான் கோடு வரைக்கும் ஊத்தணும். நான் தெரியாம கடல்தண்ணியவே ஊத்தி முதல் டிஷ்ஷ மொத்தமா இழந்தேன்.

நாலஞ்சு நாள்ல கவர்ஸ்லிப்ப எடுத்து ஸ்லைடுல கவுத்து, மைக்ரோஸ்கோப்போட 40 எக்ஸ் லென்ஸ்ல பாருங்க. கீழருந்து வர்ற வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துற டயாஃப்ரத்த சுருக்குங்க, இல்லன்னா கண்ணாடி மாதிரி இருக்குற இதுங்க கண்ணுல படாது.

இப்பதான் முக்கியமான வேலை. பாத்த உடனே பேர் வைக்காதீங்க. அதிர்ந்துபோன அமீபா நாலாபக்கமும் போலிக்கால்களை நீட்டி நட்சத்திரம் மாதிரி மிதக்கும், அதை வச்சு ஆரம்பத்துல யாரும் முடிவு பண்ணக்கூடாது. கால்மணி நேரம் பொறுங்க, ஒட்டி ஊர ஆரம்பிக்கட்டும், ஊரும்போது இருக்குற வடிவம்தான் கணக்கு. பனை ஓலை விசிறி மாதிரி, முன்பாதி தெளிவா, பின்னாடி மணிமணியா இருந்தா வான்னெல்லா. முன்னாடி விரல் விரலா நீட்டுனா பாராமீபா பக்கம். நியூக்ளியஸ ஒட்டி இன்னொரு உருண்டை இருக்கான்னு தேடுங்க, அது அமீபாவுக்குள்ளயே குடியிருக்குற வேற உயிர், பெர்கின்செலான்னு பேரு. எனக்கு இதுல அதிசயமே அதுதான்! நூல் மாதிரி மெல்லிசா, நீளமா நீட்டுனா வெக்ஸில்லிஃபெரா. பால் பொங்குற மாதிரி திடீர் திடீர்னு ஒரு பக்கம் வெடிச்சு நகந்தா ஹெட்டரோலோபோசியா, அது வேற வம்சமே.

பிளாட்டிஅமீபான்னு பழைய பேர் எங்கயாவது கண்டா குழம்ப வேணாம், ஜீன் ஒப்பிட்டுப் பாத்து 2007ல அதை வான்னெல்லாவோடயே சேத்துட்டாங்க. ஸ்பீஷிஸ் (சிற்றினம்) சொல்ல 18 எஸ்ங்கிற ஜீனைப் படிச்சுப் பாக்கணும், அதனால வான்னெல்லா மாதிரி ஜீனஸ் (பேரினம்) பேரோட நிறுத்திக்கோங்க. ஒரு 20 செல்லாவது நீள அகலம் அளந்து, கையால படம் வரைஞ்சு, எடுத்த இடமும் தேதியும் பக்கத்துலயே எழுதி வைங்க.